காத்திருந்த மேசை

உளி மழுங்கினால் தச்சன் கல்லில் தீட்டிக்கொள்கிறான். கொழு தேய்ந்தால் உழவன் ஊர்க் கொல்லனின் உலைக்களத்தை நாடுகிறான். கருவி பழுதுபட்டால் அதைச் சீர்செய்யும் வழியும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய புதிய தொழிலாளர் கூட்டத்திற்கோ இந்த வாய்ப்பு இல்லாமற் போயிற்று. திரைப்படக் காட்சிகளை வெட்டி இணைப்போர், இசையைப் பதிவு செய்து கலப்போர், கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைவோர், மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிட்டுப் பார்க்கும் ஆய்வாளர் ஆகிய எல்லாருக்கும் கணினியே உளி; கணினியே கலப்பை. அந்த உளியை எப்போது தீட்டுவது என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. பல்லாயிரம் கல் தொலைவில் இருக்கும் ஒரு நிறுவனம் முடிவு செய்கிறது.

அந்த முடிவில் ஒரு விந்தை உண்டு. கல்லூரி மாணவன் தோட்பையில் சுமந்து செல்லும் மடிக்கணினி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அதனினும் இரு மடங்கு, மும்மடங்கு விலை கொடுத்துத் தொழில்வல்லார் வாங்கும் மேசைக் கணினியோ ஆடிக்கொரு முறை, அமாவாசைக்கொரு முறை புதுப்பிக்கப்படுகிறது. விலை மிகுந்த பொருளுக்குக் கவனமும் மிகுதியாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பர். நடப்பது நேர்மாறாக இருப்பது ஏன்?

இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத்தின் வரலாற்றைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1998ஆம் ஆண்டு ஸ்டீவ் ஜாப்ஸ் தம் நிறுவனத்தின் படைப்புகளை ஒரே ஒரு சதுரத்திற்குள் அடக்கிக் காட்டினார். சதுரத்தில் நான்கு கட்டங்கள்: பொதுமக்களுக்கு ஒரு மேசைக் கணினி, ஒரு மடிக்கணினி, தொழில்வல்லாருக்கு ஒரு மேசைக் கணினி, ஒரு மடிக்கணினி. நான்கில் ஒரு பங்கு தொழில்வல்லாரின் மேசைக்கே உரியதாக இருந்தது. அந்நாளில் நொடிந்து கிடந்த அந்நிறுவனத்தைக் கைவிடாமல் தாங்கியவர்களுள் அச்சுக்கோப்போர், ஓவியர், படத்தொகுப்பாளர் ஆகியோர் முன்வரிசையில் நின்றனர் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்தக் கட்டத்திற்கு மேக் புரோ என்னும் கணினி வந்து சேர்ந்தது. அலுமினியத்தால் ஆன உயரமான பெட்டி; முகப்பு முழுதும் சிறு சிறு துளைகள். பாலாடைக்கட்டி துருவி என்று பயனாளர்கள் அதற்குச் செல்லப்பெயர் சூட்டினர். பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்ளே எல்லாம் கைக்கு எட்டும். நினைவகத்தைக் கூட்டலாம், வன்தட்டை மாற்றலாம், வரைகலை அட்டையைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். 2008, 2009, 2010 என்று அது அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்பட்டது. பிறகு வேகம் தளர்ந்தது. 2012 ஜூன் மாதத்தில் வந்த புதுப்பிப்பு பெயரளவில் இருந்ததே தவிரப் பெட்டிக்குள் குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்றும் இல்லை. பயனாளர்கள் மனம் கசந்தனர். நிறுவனத் தலைவர் டிம் குக், ஒரு பயனாளரின் கடிதத்திற்கு விடையாக, தொழில்வல்லார் தங்களுக்கு இன்றியமையாதவர்கள் என்றும், அடுத்த ஆண்டின் பிற்பகுதிக்குச் சிறந்ததொன்று ஆயத்தமாகிறது என்றும் எழுதினார்.

இடையே நிகழ்ந்த ஒரு சிறு செய்தி, பெரிய விளக்கங்களைக் காட்டிலும் தெளிவாக உண்மையை உணர்த்தும். ஐரோப்பாவில் மின்கருவிப் பாதுகாப்பு விதி ஒன்று திருத்தப்பட்டது. சுழலும் விசிறிகளுக்கு விரல் படாதவாறு காப்பு இருக்க வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. 2013 மார்ச் 1ஆம் நாள் முதல் மேக் புரோ அந்நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. விசிறிக்கு ஒரு காப்பு அமைப்பதற்காகக்கூடப் பழைய பெட்டியைத் திருத்தி அமைக்க நிறுவனம் முன்வரவில்லை. ஒரு கண்டத்தின் சந்தையையே சில மாதங்களுக்கு விட்டுக்கொடுத்தது. மடிக்கணினிக்கு அத்தகைய தடை வந்திருந்தால் கைகட்டிக்கொண்டு இருந்திருக்குமா?

இனிக் காரணங்களைப் பார்க்கலாம். முதற்காரணம் எண்ணிக்கை. உலக அளவில் மடிக்கணினிகளின் விற்பனை மேசைக் கணினிகளின் விற்பனையை 2008ஆம் ஆண்டில் முதன்முறையாக முந்தியது. அதன்பின் இடைவெளி விரிந்துகொண்டே போயிற்று. ஆப்பிள் நிறுவனமே 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, விற்ற கணினிகளுள் 80 விழுக்காடு மடிக்கணினிகள். 20 விழுக்காடே மேசைக் கணினிகள். அந்த இருபதுக்குள்ளும் பெரும்பகுதி திரையோடு இணைந்த ஐமேக். மேக் புரோவின் பங்கு ஒற்றை இலக்க விழுக்காடு. 1998இல் நான்கில் ஒரு கட்டமாக இருந்தது, பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

எண்ணிக்கை குறைந்தால் என்ன? விலைதான் கூடுதலாயிற்றே என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். புதிய பெட்டி ஒன்றை வடிவமைத்து, அச்சுகள் செய்து, சோதித்து முடிக்க 50 மில்லியன் வெள்ளி செலவாகிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்ளலாம். அப்பெட்டி 5 மில்லியன் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் விழும் சுமை 10 வெள்ளி. 50,000 மட்டுமே விற்றால் அதே சுமை 1,000 வெள்ளி. ஆண்டுதோறும் புதுப்பித்தால் ஆண்டுதோறும் இச்சுமை ஏறும். ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பித்தால் அது பரவிக் கரையும். பணத்தைக் காட்டிலும் அரிய பொருள் பொறியாளரின் நேரம். திறன் மிக்க பொறியாளர் குழு ஒன்று இருக்கும்போது, அதைப் பத்துப் பேர் பயன்படுத்தும் கருவிக்கு அனுப்புவதா, ஆயிரம் பேர் பயன்படுத்தும் கருவிக்கு அனுப்புவதா என்னும் வினா எழுந்தால், கணக்காளர் சொல்லும் விடை ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் செயலியைப் பற்றியது. அன்றைய மேக் புரோவில் இருந்த இன்டெல் சீயான் செயலிகள் வழங்கிக் கணினிகளுக்காகச் செய்யப்பட்டவை. வங்கியின் கணக்கையும் மருத்துவமனையின் பதிவேட்டையும் சுமப்பவை என்பதால் அவற்றுக்குச் சோதனைக்காலம் நீளும். ஐவி பிரிட்ஜ் என்னும் தலைமுறைச் செயலிகள் மடிக்கணினிகளுக்கும் சாதாரண மேசைக் கணினிகளுக்கும் 2012 ஏப்ரலில் வெளிவந்தன; அதே தலைமுறையின் இரட்டைச் செயலி வகைச் சீயான் 2013 செப்டம்பரில்தான் வந்தது. ஏறத்தாழப் பதினேழு மாத இடைவெளி. 2013 அக்டோபரில் வந்த மடிக்கணினியில் அதற்கு அடுத்த தலைமுறைச் செயலி குடியேறிவிட்டது. இரண்டு மாதம் கழித்து வந்த விலையுயர்ந்த மேக் புரோவில் இருந்ததோ முந்திய தலைமுறை. தம்பி முந்திக்கொள்ள அண்ணன் பின்னால் வந்தான்.

மூன்றாவது காரணம் நுட்பமானது. மடிக்கணினியின் உயிர் மின்கலத்தில் இருக்கிறது. புதிய செயலி பத்து விழுக்காடு மின்சாரத்தை மிச்சப்படுத்தினாலும், பயனாளர் அதைக் கண்கூடாக உணர்கிறார்; கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை ஓடுகிறது, பெட்டி மெலிகிறது, தொடையில் சூடு தணிகிறது. சுவரிலிருந்து மின்சாரம் பெறும் கணினிக்கு இந்த மிச்சம் ஒரு பொருட்டன்று. அது வேண்டுவது வேகம். ஆனால் செயலியின் துடிப்பு வேகம் 2004ஆம் ஆண்டை ஒட்டித் தடைப்பட்டு நின்றுவிட்டது. மின்மத்தின் அளவைச் சுருக்கச் சுருக்க வேகம் கூடிய காலம் முடிந்து, வெப்பம் ஒரு மதிலாகக் குறுக்கே எழுந்தது. 2006இன் மேக் புரோவில் உயர்ந்த துடிப்பு 3 கிகாஹெர்ட்ஸ். 2013இல் வந்ததில் தொடக்க வகையின் துடிப்பு 3.7. ஏழாண்டுகளில் இவ்வளவே. உள்ளே கருக்களின் எண்ணிக்கை பெருகியது உண்மை. ஒரு கருவின் திறனும் ஓரளவு கூடியது உண்மை. ஆயினும், ஆண்டுதோறும் மேடையேறிப் பறைசாற்றத்தக்க மாற்றம் மேசைக்கடியில் நிற்கும் பெட்டியில் இல்லை.

வாங்குவோரின் இயல்பும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. தொழில்முறைக் கணினியை வாங்குபவர் புதுமையைத் தேடிப் போவதில்லை. வானூர்திப் பாகத்தை வரையும் மென்பொருள் இன்ன செயலியோடும் இன்ன வரைகலை அட்டையோடும் பிழையின்றி இயங்கும் என்று அம்மென்பொருளை ஆக்கியோர் சான்றளிக்க வேண்டும். அச்சான்று கிடைத்த கருவியையே நிறுவனங்கள் வாங்கும். வாங்கியதை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை மாற்றமாட்டா. பாதிப் படத்தைத் தொகுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் நடுவே கணினியை மாற்றுவது, பாதி ஆற்றைக் கடந்தவன் ஓடத்தை மாற்றுவது போலாகும். மடிக்கணினியோ கீழே விழுகிறது. அதன் கீல் தளர்கிறது. மின்கலம் ஆண்டுக்கு ஆண்டு சோர்கிறது. எனவே அதற்கு என்றும் புதிய வாடிக்கையாளர் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. திறந்து பழுதுபார்க்கக்கூடிய பெட்டியை அதன் உரிமையாளரே புதுப்பித்துக்கொள்ளலாம். 2010இல் விற்கப்பட்ட மேக் புரோவை வாங்கிய பலர், செயலியையும் நினைவகத்தையும் வரைகலை அட்டையையும் தாமே மாற்றி, ஆண்டுக்கணக்கில் ஓட்டினர். 2018இல் வெளிவந்த இயங்குதளத்தையும், தக்க வரைகலை அட்டை செருகப்பட்டிருந்தால், அந்தப் பழைய பெட்டியில் நிறுவலாம் என்று ஆப்பிள் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. எட்டு வயதான பெட்டி! எட்டாண்டுப் பழைய மடிக்கணினிக்கு அத்தகைய வாழ்வு எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே, அரிதாகப் புதுப்பிக்கப்படுவதில் குற்றம் ஒன்றும் இல்லை, அப்பெட்டி திறந்திருக்கும் வரையில்.

அந்த நிபந்தனைதான் 2013இல் முறிந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பில் ஷில்லர் மேடையில் அறிமுகம் செய்த புதிய மேக் புரோ கறுத்துப் பளபளக்கும் ஓர் உருளை. உயரம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். குறுக்களவு 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய பெட்டியின் எட்டில் ஒரு பங்கு இடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. உள்ளே முக்கோண வடிவில் ஓர் உலோகத் தண்டு. அதன் ஒரு முகத்தில் செயலி, மற்ற இரு முகங்களில் இரண்டு வரைகலைப் பலகைகள். மேலே ஒரே விசிறி. மூன்று முகங்களிலும் வெப்பம் ஏறக்குறையச் சமமாக எழும் என்று கணக்கிட்டு அமைத்த அழகு அது. கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. டிசம்பர் மாதத்தில் 2,999 அமெரிக்க வெள்ளி என்னும் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது.

அதனை அமெரிக்காவிலேயே, டெக்சஸ் மாநிலத்தில் பூட்டி முடித்தனர். அங்கே ஒரு திருகாணியால் வந்த தொல்லையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2019 சனவரியில் விரிவாக எழுதியது. உருளைக்கென்று தனியாகச் செய்யவேண்டிய திருகாணியை, 20 பேர் பணிபுரியும் ஒரு சிறு பட்டறை நாளுக்கு 1,000க்கு மேல் செய்து தர இயலவில்லை. சீனாவில் எனில் தேவையான அளவு உடனே கிடைத்திருக்கும். திருகாணிகள் வந்து சேரும்வரை வேலை தடைப்பட்டது. குறைந்த எண்ணிக்கையில் செய்யப்படும் பொருளின் இடர்ப்பாடு எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆலைகளும் துணைத்தொழில்களும் பெருவெள்ளத்திற்காக வெட்டப்பட்ட கால்வாய்கள்; சிற்றோடைக்கு அங்கே மதிப்பில்லை.

உருளை வெளிவந்த பின்னர் நேர்ந்தது அதனினும் பெரிய இடர். வரைகலைத் தொழில் வேறு திசையில் திரும்பியது. இரண்டு நடுத்தர அட்டைகளை அன்று. மிகுந்த வெப்பத்தை உமிழும் ஒரே பேரட்டையை மென்பொருள்கள் எதிர்பார்க்கத் தொடங்கின. முக்கோணத் தண்டின் ஒரு முகத்தில் மட்டும் அவ்வளவு வெப்பத்தை ஏற்றினால் உருளை தாங்காது. செயலியை மட்டுமேனும் மாற்றியிருக்கலாமே எனில், 2014 செப்டம்பரில் இன்டெல் அடுத்த சீயானை வெளியிட்டபோது எச்பி, டெல் ஆகிய நிறுவனங்கள் உடனே தம் தொழில்முறைக் கணினிகளில் அதனை ஏற்றிக்கொண்டன. 2016 மார்ச்சில் இன்னொரு தலைமுறையும் வந்தது. ஆப்பிள் இரண்டையும் தொடவில்லை. ஆகவே பழியை முழுதும் செயலி செய்வோர் மீது சுமத்துவது முறையன்று.

அந்த ஆண்டுகளில் ஒரு படத்தொகுப்பாளரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். 2010இல் வாங்கிய பெட்டி அவரிடம் இருக்கிறது. திரைப்படங்களின் கோப்புகள் ஆண்டுக்கு ஆண்டு பருக்கின்றன. முன்பு ஓர் இரவில் முடிந்த வேலை இப்போது மறுநாள் நண்பகலையும் கடக்கிறது. உருளையை வாங்கலாம், ஆனால் அது 2013இன் கருவி. வாங்கிய மறுமாதமே புதியது வந்துவிட்டால்? வராமலே போய்விட்டால்? காத்திருக்கலாம், ஆனால் எதுவரை என்று சொல்வார் இல்லை. விண்டோஸ் கணினிக்கு மாறலாம்; ஆனால் பதினைந்து ஆண்டுகளாகக் கைக்குப் பழகிய விசைகள், மென்பொருள்கள், உதவியாளரின் பயிற்சி அனைத்தையும் துறக்க வேண்டும். மாதத் தவணை கட்டுபவருக்கு இது வேடிக்கைக்குரிய வினாவன்று. வாடிக்கையாளர் கேட்ட நாளில் வேலை முடியவில்லை எனில் அடுத்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். இப்படிக் காத்திருந்தோருள் பலர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கூட்டத்தில் செய்தி வருமென்று எதிர்பார்த்தனர். 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளும் மேக் புரோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமலே கழிந்தன. 2014 முதல் 2019 வரை மேக்புக் புரோ என்னும் மடிக்கணினி ஓராண்டும் தவறாமல் புதுப்பிக்கப்பட்டது என்பதையும் உடன்வைத்து நோக்கினால், அவர்கள் நெஞ்சில் எழுந்த கசப்பின் அளவு விளங்கும்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது எல்லாம் நன்மையே என்றும் கொள்வதற்கில்லை. அந்த மடிக்கணினியின் விசைப்பலகையை 2016இல் மிகவும் மெலிதாக்கினர். ஒரு தூசு புகுந்தாலும் விசை ஒட்டிக்கொள்ளும். அல்லது ஒரே எழுத்து இருமுறை விழும். ஒவ்வோர் ஆண்டும் புதிய மடிக்கணினி வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அதே குறை சிறு மாற்றங்களோடு தொடர்ந்து வந்தது. 2018இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2019 நவம்பரில்தான் பழைய வகை விசைகள் திரும்பின. 2022இல் வழக்கை முடிக்க 50 மில்லியன் அமெரிக்க வெள்ளி தர நிறுவனம் இசைந்தது. ஆக, மேசைக்காரர் புறக்கணிப்பால் வருந்தினார். மடிக்காரர் அவசரத்தால் வருந்தினார்.

2017 ஏப்ரலில் வழக்கத்திற்கு மாறான ஒன்று நிகழ்ந்தது. இரகசியத்திற்குப் பேர்பெற்ற அந்நிறுவனம், செய்தியாளர் ஐவரைத் தன் இடத்திற்கு அழைத்து உட்காரவைத்துப் பேசியது. பில் ஷில்லர், கிரெய்க் ஃபெடரிகி, ஜான் டெர்னஸ் ஆகிய மூவரும் இருந்தனர். வெப்பத்தின் பொருட்டுத் தாங்களே தங்களை ஒரு மூலைக்குள் அடைத்துக்கொண்டதாக ஃபெடரிகி ஒப்புக்கொண்டார். புதுப்பிப்பு தடைப்பட்டதற்கு ஷில்லர் வருத்தம் தெரிவித்தார். புதிய மேக் புரோ ஒன்றை அடியிலிருந்து மீண்டும் ஆக்கி வருவதாகவும், அது அவ்வாண்டில் வராது என்றும் கூறினர். தொழில்வல்லார் பெரும்பாலும் பயன்படுத்துவது மடிக்கணினியையே என்னும் கணக்கும் அப்போதுதான் வெளியாயிற்று. மேசைக் கணினியைக் கேட்டவர்களைக் காட்டிலும் மடிக்கணினியிலேயே வேலையை முடித்துக்கொண்டவர்கள் பன்மடங்கு என்றால், நிறுவனத்தின் கவனம் சென்ற திசைக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த நியாயத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன்னமே சொல்லியிருக்கலாம். மெதுவாகப் புதுப்பிப்பது வணிகத்தின் கட்டாயம். அதனை யாரும் புரிந்துகொள்வர். வாயை மூடிக்கொண்டிருப்பது எந்தக் கட்டாயத்தாலும் வந்ததன்று. அடுத்த கருவி மூன்றாண்டு கழித்துத்தான் வரும் என்று தெரிந்திருந்தால் அந்தப் படத்தொகுப்பாளர் உருளையை மனநிறைவோடு வாங்கியிருப்பார். அல்லது மனநிறைவோடு விலகிப் போயிருப்பார். இரண்டில் எது நேர்ந்திருந்தாலும் அவருடைய காலம் வீணாகியிராது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அரிதாகப் புதுப்பிக்கப்படும் கருவி திறந்திருக்க வேண்டும். மூடிய கருவி அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டும். மடிக்கணினி மூடியது, ஆயினும் ஆண்டுதோறும் வருகிறது. பழைய மேக் புரோ அரிதாக வந்தது, ஆயினும் திறந்திருந்தது. உருளையோ மூடியது, அரிதாகவும் வந்தது. இரண்டு பொருத்தங்களுள் ஒன்றும் அதற்கு வாய்க்கவில்லை. ஒப்பனையில் மயங்கியவர்கள் இதனை எண்ணத் தவறினர் என்றே சொல்ல வேண்டும்.

2019 டிசம்பரில் புதிய மேக் புரோ விற்பனைக்கு வந்தது. மீண்டும் உயரமான பெட்டி, மீண்டும் துளைகள் நிறைந்த முகப்பு, உள்ளே எட்டுச் செருகுவாய்கள், 1.5 டெராபைட் வரை நினைவகம். தொடக்க விலை 5,999 அமெரிக்க வெள்ளி. எல்லாவற்றையும் நிரப்பினால் 52,000 வெள்ளிக்கு மேல். நான்கு சக்கரங்கள் வேண்டும் எனில் தனியாக 400 வெள்ளி. சக்கரத்தின் விலையைக் கேட்டு உலகம் நகைத்தது. காத்திருந்தோர் நகைக்கவில்லை, அவர்கள் கதவைத் திறந்து உள்ளே பார்த்துப் பெருமூச்சு விட்டனர்.

அந்தப் பெருமூச்சுக்கும் ஆயுள் குறைவு. 2020 ஜூன் மாதத்தில், அப்பெட்டி வெளிவந்து ஏழு மாதங்கூட நிறையாத நிலையில், இன்டெல் செயலிகளைக் கைவிட்டுத் தன் சொந்தச் செயலிகளுக்கு இரண்டாண்டுகளில் மாறப் போவதாக ஆப்பிள் அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் முதல் எம்1 செயலிகள் வந்தன. எங்கே? இரண்டு மடிக்கணினிகளிலும், சின்னஞ்சிறு மேக் மினியிலும். கைப்பேசியின் செயலியிலிருந்து வளர்ந்து வந்த குலம் அது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வேலை செய்வதே அதன் குலத்தொழில். அத்தகைய செயலி மடியில் முதலிற் பிறப்பதும், மேசைக்குப் பிறகு ஏறுவதும் இயல்பே. மேக் புரோவின் முறை 2023 ஜூனில்தான் வந்தது. மாற்றத்தின் வரிசையில் அதுவே கடைசி.

வந்ததும் எப்படி வந்தது? பெட்டி பழைய பெட்டியே. செருகுவாய்கள் இருந்தன, ஆனால் அவற்றில் தனி வரைகலை அட்டையைச் செருகிப் பயன்படுத்த வழியில்லை. நினைவகம் செயலியோடு பிணைக்கப்பட்டது. வாங்கிய பின் கூட்ட முடியாது. உச்ச அளவு 192 கிகாபைட். 1.5 டெராபைட் எங்கே, 192 கிகாபைட் எங்கே! அதே செயலி கொண்ட மேக் ஸ்டூடியோ என்னும் சிறு பெட்டி 3,999 வெள்ளிக்குக் கிடைத்தது. மேக் புரோவுக்கோ 6,999 வெள்ளி. கதவைத் திறக்கலாம்; ஆனால் உள்ளே மாற்றத்தக்கது மிகக் குறைவு. 2025 மார்ச்சில் அந்தச் சிறு பெட்டிக்குப் புதிய செயலியும் 512 கிகாபைட் வரை நினைவகமும் வந்தன. பெரிய பெட்டிக்கு அன்று ஒன்றும் வரவில்லை.

கணினிகள் இனிச் சுமையுந்துகளைப் போலாகும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010இல் ஒரு மேடையில் சொன்னார். வேளாண்மை நாடாக இருந்தபோது எல்லா வண்டிகளும் சுமை வண்டிகளே. நகரங்கள் பெருகியபின் மக்கள் சிற்றுந்துகளுக்கு மாறினர் என்பது அவர் காட்டிய உவமை. சுமையுந்துகள் மறைந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. தேவைப்படுவோர் குறைந்துபோவர் என்றே சொன்னார். அவ்வுவமையில் ஓட்டுநரைப் பற்றிய பேச்சு இல்லை. சுமை இழுப்பவன் வண்டிக்காரனிடம் எதிர்பார்ப்பது ஆண்டுக்கொரு புதிய வண்ணத்தையன்று. அச்சாணியைக் கழற்றி மாட்டும் வசதியைத்தான்.

2025 ஜூன் மாதத்தில், அவ்வாண்டு வெளிவரும் இயங்குதளமே இன்டெல் கணினிகளுக்குக் கடைசி என்று அறிவிக்கப்பட்டது. அதனை ஏற்கும் கடைசி இன்டெல் கணினிகளின் பட்டியலில் 2019இன் மேக் புரோவும் இருந்தது. ஐம்பதாயிரம் வெள்ளி கொடுத்து அதை வாங்கியோருள் சிலர் விற்றுவிட்டனர். சிலர் இன்னும் விற்கவில்லை. அவர்களுடைய அறைகளில் அந்தப் பெட்டி மேசைக்கடியில் ஓசையின்றி நின்றுகொண்டிருக்கிறது. எப்போதாவது ஒரு நாள் கைப்பிடியைத் திருகி மூடியை மேலே தூக்கி, விசிறியில் படிந்த தூசைத் துடைத்துவிட்டு, மலிவாகக் கிடைத்த இன்னொரு நினைவகப் பலகையைச் செருகி மூடுகிறார்கள். பிறகு பாதியில் நின்ற படத்தைத் தொடர்கிறார்கள்.